எடையை ஏற்றியது எந்தத் தசை?

 

நான் பேச எடுத்துக்கொண்டது எல்லா ஜிம்மிலும் தினமும் வாக்குவாதம் கிளப்புகிற பொருள். பைசெப்ஸ் கர்ல் செய்யும்போது இடுப்பு ஆடலாமா? லேட்டரல் ரெய்ஸில் கை ஏறாதபோது முட்டியை லேசாக மடக்கி டம்பெலை உந்திவிடலாமா? ஃபார்ம் கறாராக இருந்தால்தான் தசை வளரும் என்கிறார் ஒரு மாஸ்டர். அர்னால்டே சீட்டிங் கர்ல் செய்தவர்தானே என்கிறார் பக்கத்துத் தெரு மாஸ்டர். இருவரும் பாதி சரி. மீதிப் பாதியில்தான் இளைஞர்களின் முதுகும் தோளும் மாட்டிக்கொள்கின்றன. பிசியோதெரபி மேசையில் அவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் பளுதூக்குதல் வரலாற்றிலிருந்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் முதல் 1972 மியூனிக் ஒலிம்பிக் வரை பளுதூக்குதலில் மூன்று முறைகள் இருந்தன: பிரஸ், ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க். இன்று பிரஸ் இல்லை. அதன் விதி எளிமையானது. பார்பெல்லைத் தோளுக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நடுவர் சைகை கொடுத்ததும், முட்டியை மடக்காமல், உடம்பை ஆட்டாமல், தோள் பலத்தாலும் கை பலத்தாலும் தலைக்கு மேலே தள்ள வேண்டும். ஒரு மனிதனின் தோள் எவ்வளவு வலியது என்று அளக்க அதைவிட நேரான வழி இல்லை.

பதக்கம் என்று வந்துவிட்டால் உடம்பு சுலபமான பாதையைத் தேடிக்கொள்ளும். சைகைக்குக் காத்திருக்கும்போதே வீரர்கள் இடுப்பை முன்னால் தள்ளி உடம்பை வளைத்து வைத்துக்கொண்டார்கள். சைகை வந்த கணத்தில் அந்த வளைவு வெடுக்கென்று நிமிரும். பார் தோளிலிருந்து துள்ளிக் கிளம்பும். பாதி வழியில் வேகம் தீரும்போது முதுகைப் பின்னால் சாய்த்துக்கொள்வார்கள். அந்தச் சாய்வில் நெஞ்சுத் தசையும் வேலைக்கு வந்துவிடும். நின்றுகொண்டே செய்யும் இன்க்ளைன் பிரஸ் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். எவ்வளவு சாய்ந்தால் தவறு? நடுவருக்கு நடுவர் தீர்ப்பு மாறியது. மூன்று முறைகளிலும் சேர்த்து 600 கிலோவை 1970-இல் முதன்முதலாகக் கடந்த சோவியத் வீரர் வாசிலி அலெக்சேயெவ், 1972-இல் பிரஸ்ஸில் மட்டும் 236.5 கிலோ தூக்கினார். அந்த ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கோடு பிரஸ்ஸைப் போட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

அந்த வீரர்களை நான் குறை சொல்லவில்லை. 200 கிலோவுக்கு மேல் தலைக்கு மேலே நிறுத்துகிறவரின் வலிமை யாரும் கேள்வி கேட்கக் கூடியதல்ல. இடுப்பை உதறி எடையைக் கிளப்புவதும் ஒரு திறமைதான். ஜெர்க்கில் கால் பலத்தை வெளிப்படையாகவே பயன்படுத்துகிறார்கள். அதை யாரும் ஏமாற்று என்பதில்லை. நம் ஊர்க் கர்லாக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுழற்சி வேகம்தான் பயிற்சியே. ஆகவே வேகத்தை உபயோகிப்பதில் குற்றம் எதுவும் இல்லை. பிரஸ்ஸில் சிக்கல் எங்கே வந்தது என்றால், கிலோ கணக்கு ஏறிக்கொண்டே போனது, அது எதை அளக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போனது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஜிம்முக்கு வருவோம்.

பளுதூக்கும் வீரருக்கு எடை மேலே போனால் வேலை முடிந்தது. தசையை வளர்க்க நினைக்கிறவருக்கு எடை மேலே போவது குறிக்கோளே அல்ல. தசை நார்களின் மேல் போதுமான இழுவிசை, போதுமான நேரம், போதுமான தடவை விழ வேண்டும். வளர்ச்சிக்கான முதன்மைத் தூண்டுதல் அதுதான். டம்பெலில் பொறித்திருக்கும் எண் தசைக்குத் தெரியாது. தன் மேல் விழும் இழுவிசை மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த இழுவிசையும் ஒரே ரெப்புக்குள் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. கையில் 10 கிலோ டம்பெல். முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை ஏறக்குறைய 30 செ.மீ. பைசெப்ஸின் தசைநாண் முன்கை எலும்பைப் பற்றியிருப்பதோ முழங்கை மூட்டிலிருந்து சுமார் 4 செ.மீ. தூரத்தில். முன்கை தரைக்கு இணையாக வரும்போது அந்த 10 கிலோவைத் தாங்க, முழங்கையை மடக்கும் தசைகள் ஏறக்குறைய 75 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. கை நேராகத் தொங்கும்போது அந்தச் சுமை கிட்டத்தட்டப் பூஜ்யம். அங்கிருந்து 30 டிகிரி மடங்கினால் உச்சச் சுமையில் பாதி. 90 டிகிரியில் முழுச் சுமை. அதற்கு மேல் மறுபடி குறைகிறது. ஆக, ஒரு செட்டில் பத்தாவது ரெப் ஏறாமல் நின்றால், அது நின்றது அந்த நடுக் கோணத்தில். மற்றக் கோணங்களில் தசைக்கு இன்னும் தெம்பு மிச்சம் இருக்கிறது. லேட்டரல் ரெய்ஸிலும் இதே கதைதான். அதில் கை தோள் மட்டத்துக்கு வரும்போது சுமை உச்சம்.

இந்தச் சிக்கலைப் பாடிபில்டிங் உலகம் பல வழிகளில் அவிழ்க்கப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஆர்தர் ஜோன்ஸ் 1970-இல் நாட்டிலஸ் கருவிகளைக் கொண்டுவந்தார். அவற்றின் கப்பி வட்டமாக இருக்காது. சங்கு போல ஆரம் மாறிக்கொண்டே வரும். எந்தக் கோணத்தில் தசைக்கு வலு அதிகமோ அங்கே சுமையும் அதிகம், வலு குறையும் இடத்தில் சுமையும் குறைவு. கருவியே கோணத்தைச் சரிசெய்துவிடுவதால் உடம்பை ஆட்டவே தேவையில்லை என்பது அவர் கட்சி. ஃபார்மில் அவரைப் போலக் கறாரானவர்கள் குறைவு. முதல் இரண்டு மிஸ்டர் ஒலிம்பியா பட்டங்களை, 1965-இலும் 1966-இலும் வென்ற லாரி ஸ்காட்டின் பெயரில் சாய்வுப் பலகை ஒன்று இருக்கிறதே, நாம் பிரீச்சர் பெஞ்ச் என்கிறோமே, அது வேறொரு வழி. மேற்கையைப் பலகையில் கிடத்திவிட்டால் இடுப்பு ஆட வழியில்லை. அதோடு, கை அதிகம் நீண்டிருக்கும் கோணத்திலேயே கனம் விழுகிறது.

பாடிபில்டிங் பத்திரிகைகளை நடத்திய ஜோ வீடர் சொன்ன வழிதான் சீட்டிங். தன் பத்திரிகைகளில் தொகுத்து வெளியிட்ட பயிற்சிக் கொள்கைகளில் அதையும் ஒன்றாக வைத்தார். அதன் உண்மையான பொருளை நம் ஜிம்களில் முக்கால்வாசிப் பேர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். முதலில் சுத்தமாகச் செய்ய முடிந்த ரெப்களை எல்லாம் செய்து முடி; இனி ஒன்றுகூட ஏறாது என்ற நிலை வந்த பிறகு, அந்த நடுக் கோணத்தைத் தாண்டும் அளவுக்கு மட்டும் உடம்பின் உதவியை எடுத்துக்கொண்டு மேலும் ஒன்றிரண்டு செய். தசையின் வேலையைக் கூட்டுவதற்காகச் சொன்னது அது. முதல் ரெப்பிலேயே இடுப்பை வீசுகிறவர் அந்த வேலையைக் குறைத்துக்கொள்கிறார். அர்னால்டு கனமான பார்பெல்லை உடம்பை ஆட்டிக் கர்ல் செய்தார் என்பது உண்மை. அதே அர்னால்டு, கழுத்தில் மாட்டும் ஆர்ம் பிளாஸ்டர் தகட்டில் முழங்கையை அசையாமல் ஊன்றியும் கர்ல் செய்தார். இரண்டாவதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சரி, அறிவியல் என்ன சொல்கிறது? ஒக்னியென் அரான்ஜெலோவிச் என்ற ஆய்வாளர் 2013-இல் இந்தக் கேள்வியை லேட்டரல் ரெய்ஸை வைத்துக் கணித மாதிரி மூலம் ஆராய்ந்தார். வந்த முடிவு பலருக்கு வியப்பாக இருக்கும். அளவான உந்துதல் இருந்தால், எடையைக் கூட்டாமலே தோள் தசையின் மேல் விழும் சுமை கூடுகிறது. கொஞ்சம் எடையும் கூட்டினால் இன்னும் கூடுகிறது. ஏன்? ஆரம்பத்தில் கிடைத்த வேகத்தால் கை கடினமான கோணத்தைத் தொடுகிறது. அந்த உதவி இல்லாவிட்டால் அங்கே போகவே முடியாது. ஆனால் உந்துதல் அளவு மீறினால் விளைவு திரும்பிவிடுகிறது. ஊஞ்சலைப் பலமாகத் தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிட்டால் அது தானே மேலே போவது போல, டம்பெல் தன் வேகத்திலேயே மிதக்கிறது. தசை அங்கே வேடிக்கை பார்க்கிறது. எடையை அதிகமாக ஏற்றிவிட்டாலோ ரெப்கள் சுருங்கி, தசை சுமை தாங்கும் மொத்த நேரமே குறைந்துவிடுகிறது.

அது கணக்கு. மனிதர்களை வைத்தே செய்த பரிசோதனையும் இப்போது வந்திருக்கிறது. தசை வளர்ச்சி ஆய்வில் நன்கு அறியப்பட்ட பிராட் ஷோன்ஃபெல்டின் குழு, இளம் வயதினர் 30 பேரை வைத்து 8 வாரம் செய்த ஆய்வு அது. ஒருவருடைய ஒரு கை கறாரான ஃபார்மில் கர்லும் புஷ்டவுனும் செய்யும். அவருடைய மறு கை உடம்பை ஆட்டிச் செய்யும். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம். வேறுபாடு ஃபார்ம் மட்டும்தான். 8 வாரம் கழித்து அளந்து பார்த்தால் இரண்டு கைகளின் வளர்ச்சியும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஆட்டிச் செய்த கை மொத்தத்தில் அதிக எடையைத் தூக்கியிருந்தது.

இந்த முடிவை இரு தரப்பும் தங்கள் வெற்றியாகக் கொண்டாட முடியும். ஆட்டினாலும் வளர்கிறதே என்பார் ஒருவர். ஆட்டாமலே அதே வளர்ச்சி வருகிறதே என்பார் மற்றவர். நான் அதை இப்படிப் படிக்கிறேன்: கூடுதலாக ஏறிய கிலோக்கள் பைசெப்ஸுக்குப் போய்ச் சேரவில்லை. அவற்றை இடுப்பும் முதுகும் தூக்கின. அந்தக் கூடுதல் கனத்தை மணிக்கட்டும் முழங்கையும் கீழ்முதுகும் தாங்கின. வளர்ச்சியில் அதற்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. ஒரே பொருளை இரண்டு விலைக்கு விற்கிறார்கள் என்றால் நான் குறைந்த விலையில்தான் வாங்குவேன். கறார் ஃபார்மை நான் வலியுறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான். ஆனால் இடுப்பு கொஞ்சம் ஆடினால் கை வளராது என்று சொல்லி ஓர் இளைஞனை எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்துகிற மாஸ்டருக்கு இந்த ஆய்வு இடம் தரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இப்போது ரெப்பின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். இன்றைய பேச்சில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். தசை வேகமாகச் சுருங்கச் சுருங்க, அது கொடுக்கக்கூடிய விசை குறைகிறது. பிரிட்டிஷ் உடலியலாளர் ஏ.வி. ஹில் 1938-இல் தவளைத் தசையில் அளந்து காட்டிய விதி இது. மாறாக, சுமையோடு நீளும்போது, அதாவது எடையை இறக்கும்போது, தசை அதிக விசையைத் தாங்கும். தூக்க முடியாத எடையைக்கூட நம்மால் மெல்ல இறக்க முடிவது அதனால்தான். அப்படியானால் சீட்டிங் எங்கே நியாயப்படுகிறது? ஏற்றும்போது உடம்பின் உதவியோடு நடுக் கோணத்தைத் தாண்டிவிட்டு, இறக்கும்போது அந்த எடையைத் தசை தனியாக, மூன்று விநாடி எடுத்துக்கொண்டு, தாங்கி இறக்கினால் அங்கே நியாயப்படுகிறது. ஏற்றியதை அப்படியே தொப்பென்று விட்டுவிட்டால் ஏறும்போது இடுப்பு வேலை செய்தது, இறங்கும்போது புவியீர்ப்பு வேலை செய்தது. பைசெப்ஸ் கயிறு மாதிரிக் கூடவே போய்வந்தது. ஜிம்மில் யாரையாவது மதிப்பிட வேண்டுமானால் டம்பெல் ஏறும்போது பார்க்காதீர்கள், இறங்கும்போது பாருங்கள்.

மறுபக்கத்திலும் ஒரு மிகை இருக்கிறது. ஏற்றவே 10 விநாடி, இறக்கவும் பல விநாடி என்று ஆமை வேகத்தில் செய்யும் சூப்பர் ஸ்லோ முறை. கறாராக இருப்பது நல்லது என்றால் இன்னும் மெதுவாக இருப்பது இன்னும் நல்லதுதானே என்ற நினைப்பு அதன் பின்னால் இருக்கிறது. ஷோன்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு ரெப்புக்கு அரை விநாடியிலிருந்து 8 விநாடி வரை எப்படிச் செய்தாலும் வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 10 விநாடியைத் தாண்டும் மிக மெதுவான வேகம் பின்தங்குவதாகவே தோன்றியது. எடையை அவ்வளவு குறைத்துக்கொண்டால்தான் அவ்வளவு மெதுவாகச் செய்ய முடியும். ஆகவே கறார் என்று நான் சொல்வது வேகத்தை அல்ல. எந்தத் தசைக்குப் பயிற்சியோ அந்தத் தசை எடையை ஏற்றுகிறதா என்பதைத்தான்.

பிரஸ் கதைக்கு இப்போது திரும்ப வேண்டும். தசை வளர வேண்டுமானால் மாதங்கள் போகப் போக வேலையின் கடுமை கூட வேண்டும். அதை நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம்? போன மாதம் 12.5 கிலோவில் 10 ரெப், இந்த மாதம் 15 கிலோவில் 10 ரெப் என்று நோட்டில் எழுதிப் பார்த்து. இரண்டு மாதமும் ஃபார்ம் ஒன்றாக இருந்தால் தசை வலுத்திருக்கிறது என்று பொருள். 12.5-ஐ நிமிர்ந்து நின்று தூக்கியவர் 15-ஐ இடுப்பை வீசித் தூக்கினால், நோட்டில் முன்னேற்றம் எழுதியிருக்கும், கையில் இருக்காது. இது ஒரே நாளில் நடப்பதில்லை. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக முதுகு சாயும்; தூக்குகிறவருக்கே தெரியாது. ஆறு மாதமாக எடை கூடுகிறது, கை மட்டும் வளரவில்லை என்று கவலையோடு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, ஆறு மாதத்துக்கு முன் எடுத்த வீடியோ இருக்கிறதா என்று. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். சுத்தமான ரெப்களைத் தனியாக எழுதுங்கள், உதவி வாங்கிய ரெப்களைத் தனியாக எழுதுங்கள். 10 கூட்டல் 2 என்று எழுதுங்கள், 12 என்று எழுதாதீர்கள். எடையைக் கூட்டலாமா என்பதை அந்தப் பத்தை வைத்து மட்டும் தீர்மானியுங்கள்.

எந்தப் பயிற்சியில் சீட்டிங் கூடாது என்பதில் எனக்கு இம்மியளவும் தயக்கம் இல்லை. டெட்லிஃப்டில் முதுகு வளைந்து ஏறும் ரெப், ஸ்குவாட்டில் கீழே விழுந்து எகிறி எழும் ரெப், பெஞ்ச் பிரஸ்ஸில் பாரை நெஞ்சில் மோதி எழுப்பும் ரெப்: இவற்றில் எதுவும் வேண்டாம். கர்லில் தவறினால் டம்பெல் கீழே போகும், அவ்வளவுதான். இவற்றில் தவறினால் முதுகெலும்பும் விலா எலும்பும் விலை கொடுக்கும். பார்பெல் ரோவை நடுவில் வைக்கலாம். 1992 முதல் 1997 வரை மிஸ்டர் ஒலிம்பியாவாக இருந்த இங்கிலாந்தின் டோரியன் யேட்ஸ், உள்ளங்கை முன்னோக்கிய பிடியில் மிகக் கனமாக ரோ செய்வதற்குப் பெயர் பெற்றவர். எடையை அடக்கி ஆளும் ஒழுங்குக்கும் அவர் பெயர் பெற்றவர். அவருக்கே 1994-இல் அந்தப் பயிற்சியில் இடது பைசெப்ஸ் கிழிந்தது. அதற்குப் பிறகு பிடியை மாற்றிக்கொண்டார். அந்தப் பிடியில் பைசெப்ஸின் தசைநாண் மேல் அதிகச் சுமை விழுகிறது. அவ்வளவு கட்டுப்பாட்டோடு செய்தவருக்கே அப்படி என்றால், அதே பிடியில் வெடுக்கென்று இழுக்கும் ஒருவருடைய கதியை நினைத்தால் எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

தசைநாணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தசைக்கு ரத்த ஓட்டம் தாராளம். அது சில வாரங்களிலேயே வலுக்கத் தொடங்கும். தசைநாண் மெதுவாகத்தான் தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும், மாதக் கணக்கில். புதிதாக ஜிம்முக்கு வரும் பிள்ளைக்கு மூன்றாவது மாதத்தில் உற்சாகம் உச்சத்தில் இருக்கும். தசை அதற்கு ஈடுகொடுக்கும். தசைநாண் பின்தங்கி நிற்கும். முழங்கைக்குக் கீழே பைசெப்ஸ் தசைநாண் அறுந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் நடு வயது ஆண்கள். பாதி மடங்கிய முழங்கையைக் கனமான சுமை திடீரென்று நிமிர்த்தும் கணத்தில்தான் அது பெரும்பாலும் நடக்கிறது. சீட்டிங் கர்லில் ஏற்றிவிட்டு அடக்க முடியாமல் கை நிமிரும் கணமும் அதே கணம்தான்.

மாஸ்டர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதுப் பையன் வந்ததும் அவன் தாங்குகிறானா பார்ப்போம் என்று தட்டுகளை ஏற்றிவிட்டு, சுற்றி நின்று "தூக்குடா, தூக்குடா" என்று கத்தும் வழக்கம் நம் ஜிம்களில் இன்னும் இருக்கிறது. அவன் இடுப்பை ஒடித்துத் தூக்கிவிட்டால் கைதட்டுகிறோம். எதற்குக் கைதட்டினோமோ அதையே அவன் அடுத்த நாளும் செய்வான். அந்தக் கைதட்டலை, அவன் 5 கிலோவை அசையாமல் நின்று மெல்ல இறக்கும்போது கொடுங்கள். முதல் ஆறு மாதம் எந்தப் பயிற்சியிலும் சீட்டிங்கை அவன் கண்ணிலேயே காட்டாதீர்கள். சுத்தமான ரெப் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரியாதவனுக்கு, எவ்வளவு மீறலாம் என்பதும் தெரியாது.

அனுபவம் உள்ளவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. கர்ல், லேட்டரல் ரெய்ஸ், கேபிள் புஷ்டவுன் போல ஒரு மூட்டு மட்டும் அசையும் பயிற்சிகளில் மட்டும். அதிலும் கடைசி செட்டில் மட்டும். சுத்தமான ரெப் இனி ஏறாது என்ற பிறகு, முட்டியை ஓர் அங்குலம் மடக்கி நிமிர்ந்து, எடை நடுக் கோணத்தைத் தாண்டும் அளவுக்கு மட்டும் உதவி. முதுகு பின்னால் சாயக் கூடாது. உதவி காலிலிருந்து வரட்டும், முதுகெலும்பிலிருந்து வேண்டாம். ஏறியதும் தம் கட்டாமல், மூன்று எண்ணிக்கையில் இறக்க வேண்டும். இறக்கத்தை அடக்க முடியாமல் போகும் முதல் ரெப்போடு செட்டை முடித்துவிட வேண்டும். இரண்டு ரெப், அதிகம் போனால் மூன்று. முழங்கையிலோ தோளிலோ ஏற்கெனவே வலி இருப்பவர்களுக்கும் 40 வயதைத் தாண்டிய பிறகு பயிற்சியைத் தொடங்கியவர்களுக்கும் இந்த இரண்டு ரெப் தேவையே இல்லை. அவர்கள் எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, சுத்தமான ரெப்களிலேயே ஏறாத நிலை வரை போகட்டும். அந்த வழியிலும் அதே வளர்ச்சி வரும்.